எடிட்டிங் சாஃப்ட்வேர் தேடுகிறீர்களா? முதலில் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்

எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள், பத்தும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் கேமராவுக்கும் தன் கணினிக்கும் எது ஒத்துவந்ததோ அதைச் சொல்கிறார். உங்களுக்கு ஒத்துவருமா என்பது வேறு கதை. அதனால் பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்க வேண்டாம். எதில் எடுக்கிறீர்கள், எந்தக் கணினியில் வெட்டப்போகிறீர்கள், முடிந்த வீடியோ எங்கே ஓடப்போகிறது, இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதிப் பெயர்கள் தானாக உதிர்ந்துவிடும்.

இது சமையல் சேனல், பயண வீடியோ, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று ஆசைக்கு எடுப்பவர்களுக்கும், சனி ஞாயிறில் வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று நாலு காசு பார்ப்பவர்களுக்கும் எழுதுவது. சினிமா எடிட்டர்கள் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.

போன் கோப்பில் இருக்கும் வில்லங்கம்

போனில் எடுப்பவர்கள்தான் இன்றைக்கு அதிகம். போன் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று சொன்னாலும் எல்லா நொடியிலும் சரியாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைக்கும், போன் சூடானால் நடுநடுவே விட்டுவிடும். வேரியபிள் ஃப்ரேம்ரேட் என்பது இதைத்தான். போனிலேயே ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) போட்டால்தான் வினை. தொடக்கத்தில் உதடும் குரலும் சேர்ந்தே போகும், இருபது நிமிடப் பேட்டியின் கடைசியில் பார்த்தால் தாத்தா வாயை மூடிய பிறகு வார்த்தை வரும். சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்துப் பலர் வேறொன்றுக்குத் தாவுவார்கள், அங்கேயும் அதேதான் நடக்கும்.

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. அதில் கோப்பைத் திறந்தால் ‘ஃப்ரேம்ரேட் மோட்’ என்ற வரியில் வேரியபிளா கான்ஸ்டன்டா என்று போட்டிருக்கும். வேரியபிள் என்றிருந்தால், ஹேண்ட்பிரேக்கில் (இதுவும் இலவசம்) வீடியோ என்ற பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்து, தரத்தை ஆர்எஃப் 16, 18 அருகே வைத்து மாற்றிக்கொண்டு, மாற்றிய கோப்பை டைம்லைனுக்குக் கொண்டுபோங்கள். நேரம் பிடிக்கும், கோப்பும் கொஞ்சம் பருக்கும், பரவாயில்லை. ஷாட்கட், கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர்கள் இரண்டும் இந்த வகைக் கோப்பை உள்ளே இழுத்ததுமே கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று அவையே கேட்கும். இலவச மென்பொருள்தானே என்று தள்ளிவிடுபவர்கள் இந்த ஒரு வசதிக்காகவாவது இவற்றைத் திறந்து பார்க்கலாம்.

ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் ஹெச்டிஆர் வீடியோ (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதலாகப் பிடிக்கும் வகை) இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். போன் திரையில் பளபளவென்று தெரிந்த அதே கிளிப், சாதாரண டைம்லைனில் வெள்ளையடித்தது போல வெளுத்து நிற்கும். கலர் மேனேஜ்மென்ட் தெரிந்தவர்களுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. தெரியாதவர்கள் செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் ஹெச்டிஆரை அணைத்துவிட்டு எடுங்கள், ஒரு தலைவலி குறையும்.

அப்படியே ட்யூப்லைட் விஷயமும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில், ஷட்டர் 1/60-ல் எடுத்தால் மண்டபத்து விளக்குகள் வீடியோவில் மினுக் மினுக் என்று அலையடிக்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அடங்கும். எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் இந்த மினுக்கலை முழுதாக எடுப்பது பெரும்பாடு, எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் வழி. போனில் ஷட்டரைக் கையால் அமைக்க பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஐபோனுக்கும் உண்டு, ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றுக்கும் உண்டு.

கேமரா வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு மாதிரி. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் 10-பிட் 4:2:2 என்று ஒரு வகையில் பதிவு செய்யும். நிறத்தை இழுத்துத் திருத்த அருமையான கோப்பு, ஆனால் ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில் வரும் இந்த வகையை ஓட்டக் கணினிக்குள் அதற்கென்றே ஒரு பகுதி இருக்க வேண்டும். இன்டெல் மேசைக் கணினிகளில் 11-ஆம் தலைமுறை முதல் வந்தவற்றின் உள்கிராபிக்ஸில் அது இருக்கிறது. ஆப்பிளின் எம்1 முதலான சில்லுகளில் இருக்கிறது. என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது, அதற்கு முந்தைய 40, 30 வரிசை அட்டைகள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்த ஒரு வேலைக்குக் கைகொடுக்காது. இதில்தான் சென்னை ரிச்சி தெருவில் கணினி கூட்டும்போது பலர் ஏமாறுகிறார்கள். 12400 என்ற பிராசஸருக்கும் 12400எஃப் என்பதற்கும் விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம், ‘தனியாக கிராபிக்ஸ் கார்டு போடுகிறோமே, எஃப் போதும்’ என்று கடைக்காரர் சொல்வார், கேம் விளையாடுபவருக்கு அது சரியான யோசனையும்கூட. ஆனால் அந்த எஃப் என்றால் உள்கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், அது இல்லையென்றால் 4:2:2 கோப்பை ஓட்டும் பகுதியும் இல்லை. எடிட்டிங்குக்கு எஃப் இல்லாததை வாங்குங்கள்.

கணினி எவ்வளவு தாங்கும்

ரேம் 8 ஜிபி உள்ள பழைய லேப்டாப் என்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். திறக்கும், வெட்டக்கூட விடும், நிறம் திருத்த ஆரம்பித்ததும் ‘ஜிபியூ மெமரி நிரம்பிவிட்டது’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதன் தயாரிப்பாளர்களே விண்டோஸில் 16 ஜிபி ரேம் வேண்டும், ஃபியூஷன் (அதன் கிராபிக்ஸ் பகுதி) பயன்படுத்தினால் 32 என்கிறார்கள். 8 ஜிபிக்காரர்களுக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ்.

எந்த சாஃப்ட்வேரானாலும் ப்ராக்ஸி என்ற வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். 4கே கோப்புக்குச் சின்னதாக ஒரு நகல் உண்டாக்கி அதை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசலுக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு அது. கணினி திணறுகிறது என்று புதுக் கணினிக்கு அலைபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ப்ராக்ஸிதான். மேலே சொன்ன 4:2:2 சிக்கலுக்கும் இதுவே பெரிய அளவில் தீர்வு.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். இரண்டு கேமரா, ஐந்து மணி நேர நிகழ்ச்சி என்றால் 450 ஜிபி, அதற்கு ஒரு காப்பு நகல் என்றால் அதே அளவு இன்னொரு மடங்கு. சாஃப்ட்வேருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

சரி, எதைத்தான் எடுப்பது

கணினி தாங்கும் என்றால் என் முதல் கை ரிசால்வுக்குத்தான் போகும். டாவின்சி என்பது ஒரு காலத்தில் சினிமா லேப்களில் லட்சக்கணக்கான டாலருக்கு விற்ற கலர் திருத்தும் இயந்திரம். 2009-ல் ஆஸ்திரேலிய நிறுவனமான பிளாக்மேஜிக் அதை வாங்கி, சில ஆண்டுகளில் இலவசப் பதிப்பும் விட்டது. அவர்கள் கேமராவும் கருவிகளும் விற்பவர்கள், சாஃப்ட்வேர் இலவசமாக இருப்பது அவர்களுக்கும் லாபம்தான், அதனால் இதில் வாட்டர்மார்க் தொல்லையோ முப்பது நாளில் பூட்டிக்கொள்ளும் வேலையோ இல்லை. வெட்டுவது, மல்டிகேம் (பல கேமரா கிளிப்புகளைச் சேர்த்து வெட்டுவது), நிறம், ஒலி, கிராபிக்ஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இலவசப் பதிப்பு 3840-க்கு 2160 அளவில், 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும், யூடியூபுக்கு இதற்கு மேல் யாருக்கு வேண்டும்?

இலவசத்தில் எங்கே இடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில், கேமரா தரும் அந்த 10-பிட் 4:2:2 கோப்புகள் பலவற்றில் ஒலி மட்டும் உள்ளே வரும், படம் வராது. ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங்குக்கு ஏற்ற வகைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது கேமராவில் 8-பிட்டிலேயே எடுக்கலாம். லினக்ஸில் இலவசப் பதிப்பு சாதாரண ஹெச்.264 கோப்பையே திறக்காது, லினக்ஸ் பிரியர்கள் நேராக கேடென்லைவுக்குப் போய்விடுவது நிம்மதி. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைப்பது, இரைச்சலில் இருந்து குரலைப் பிரித்தெடுப்பது, அகல வீடியோவை ரீல்ஸுக்காகத் தானாக நெட்டுக்குத்தாக மாற்றுவது, இவையெல்லாம் 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பில்தான். ஒருமுறை கட்டினால் போதும், இரண்டு கணினியில் போட்டுக்கொள்ளலாம், இதுவரை வந்த பெரிய பதிப்புகள் எதற்கும் மறுபடி பணம் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. எனவே முதலில் இலவசத்தில் ஓட்டுங்கள், மண்டபத்து இருட்டுப் படங்கள் உங்களைப் படுத்தும் நாளில் ஸ்டுடியோவை வாங்குங்கள்.

ரிசால்வுக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். முதல் கிளிப்பை இழுத்துப் போட்டதும், புராஜெக்டின் ஃப்ரேம்ரேட்டை இதற்கேற்ப மாற்றவா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் அழுத்திவிட்டுப் பிறகு செட்டிங்ஸில் போய் மாற்றப் பார்த்தால் அந்த இடம் மங்கிக் கிடக்கும், மாற்ற விடாது. வேறு ஃப்ரேம்ரேட்டில் புது டைம்லைன் ஒன்று திறந்து பழையதை அதற்குள் எடுத்துப்போக வேண்டியதுதான். அதனால் 25-ல் எடுத்திருந்தால் எதையும் இழுப்பதற்கு முன்பே 25 என்று அமைத்துவிடுங்கள். இன்னொன்று, புராஜெக்ட் கோப்பு எங்கே என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவார்கள், கிடைக்காது. அது தன் புராஜெக்ட் லைப்ரரிக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் டிஆர்பி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

கற்றுக்கொள்ள பிளாக்மேஜிக்கே பயிற்சிப் புத்தகங்களைப் பிடிஎஃப்பாக, பழகிப் பார்க்கும் கிளிப்புகளோடு இலவசமாகத் தருகிறது. பிரீமியரில் கைப்பழக்கம் உள்ளவர்கள் கீபோர்டை பிரீமியர் மாதிரியே மாற்றி வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு தேர்வு உள்ளேயே இருக்கிறது.

பிரீமியர் ப்ரோ இன்னொருவரோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு. சென்னையில் விளம்பர வேலை, யூடியூப் சேனல்களுக்கு எடிட்டர் வேலை என்று தேடினால் பெரும்பாலும் கேட்பது இதையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸையும்தான். டெம்ப்ளேட் சந்தையும் இவற்றைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் 2013-க்குப் பிறகு இரண்டையும் தயாரிக்கும் அடோபி புதுப் பதிப்பை முழு விலைக்கு விற்பதை நிறுத்திவிட்டது, சந்தா மட்டும்தான். இதில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது: ‘வருடத் திட்டம், மாதாமாதம் கட்டலாம்’ என்று வருவது மாதச் சந்தா இல்லை, வருட ஒப்பந்தம். நடுவில் விலகினால் மிச்ச மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் புகாரின்பேரில் 2024 ஜூனில் அங்கே வழக்கே போடப்பட்டது. வருடம் முழுக்க வேலை இருந்தால் எடுங்கள். சித்திரை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் மட்டும் வேலை வருகிறது என்றால் உண்மையான மாதச் சந்தா கூடுதல் விலையாக இருந்தாலும் கணக்குக்குச் சரியாக வரும், வேலை இல்லாத மாதங்களில் நிறுத்திவிடலாம்.

கல்யாண ஸ்டுடியோக்களில் எடிட்டிங் என்று சொல்ல மாட்டார்கள், மிக்சிங் என்பார்கள், அங்கே பல ஆண்டுகளாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது எடியஸ். ஜப்பானின் கனோபஸ் நிறுவனம் உண்டாக்கியது, பிறகு கிராஸ் வேலி கைக்கு வந்தது, விண்டோஸில் மட்டும் ஓடும். நாலு கேமராவில் நாலு வகைக் கோப்பு வந்தாலும் மாற்றாமல் அப்படியே டைம்லைனில் போட்டு ஓட்டலாம் என்பதுதான் அந்தத் தொழில் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம். முகூர்த்தம் முடிந்த கையோடு அடுத்த முகூர்த்தம் காத்திருக்கும் இடத்தில் கன்வெர்ட் செய்ய யாருக்கு நேரம்? பூக்கள் பறக்க, தங்க எழுத்தில் மணமக்கள் பெயர் சுழல வரும் ‘எடியஸ் புராஜெக்ட்’ தொகுப்புகள் ஹார்ட் டிஸ்க் கணக்கில் விற்கின்றன. கேண்டிட் பாணியில் எடுக்கும் இளவட்டங்கள் அந்தப் பூக்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் அந்த வீடியோவுக்குக் காசு கொடுக்கும் பெரியப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றில் மிக்சிங் வேலை எடுத்துச் செய்வதாக எண்ணம் இருந்தால் அவர்கள் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதையே கற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாகச் செய்வதற்கு மட்டும் என்றால் இன்றைக்குப் புதிதாக எடியஸில் தொடங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் ஐமூவியில் தொடங்குங்கள், அது கணினியோடு இலவசமாகவே வருகிறது. இரண்டு வீடியோ ட்ராக்கோடு அது நின்றுவிடும்போது ஃபைனல் கட் ப்ரோ. 2011-ல் முழுதாக மாற்றி எழுதி விட்டபோது தொழில்முறை எடிட்டர்கள் கொதித்துப்போன சாஃப்ட்வேர் அது, இப்போது அதன் வேகத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஒருமுறைக் கட்டணம் 299.99 டாலர், 90 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், மாணவர் ஆசிரியர் என்றால் லாஜிக் (இசை), மோஷன் (கிராபிக்ஸ்) எல்லாம் சேர்த்து 199.99 டாலருக்கு ஒரு தொகுப்பு உண்டு. விண்டோஸில் வராது, அவ்வளவுதான்.

கேடென்லைவ், ஷாட்கட் இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே இயந்திரம், முகம்தான் வேறு. ஷாட்கட் எளிது, ஒரு மாலையில் பிடிபடும், ஆனால் மல்டிகேம் என்று தனியாக எதுவும் கிடையாது. கேடென்லைவில் வசதி அதிகம். அதில் விஸ்பர் மாடலை இறக்கிக்கொண்டால் தமிழ்ப் பேச்சைக் கேட்டு சப்டைட்டிலாக எழுதவும் பார்க்கும், பெயர்களையும் வட்டார வழக்கையும் கடித்துத் துப்பிவிடும் என்பதால் கையால் திருத்த நேரம் ஒதுக்குங்கள். அவ்வப்போது மூடிக்கொண்டுவிடும் என்ற பெயரும் அதற்கு உண்டு, ஆட்டோசேவை ஆனிலேயே வைத்திருங்கள்.

விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது, வாட்டர்மார்க் இல்லாமல் 1080 வரை தரும், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு அதுவே தாராளம். ஃபில்மோரா பார்க்க அழகு, இலவசத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் வாட்டர்மார்க் விழும், ‘ஆயுள் உரிமம்’ என்று வாங்கினாலும் எந்தப் பதிப்பு வரைக்கும் அந்த ஆயுள் என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

போனிலேயே முடிப்பவர்களுக்கு விஎன் என்ற செயலி போதும். கைன்மாஸ்டர் இலவசத்தில் வாட்டர்மார்க் போடும். கேப்கட் நல்ல செயலிதான், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் பயன்படுத்தலாம். இந்தியாவில் 2020-ல் வந்த சீனச் செயலிகள் தடைக்குப் பிறகு அது முறைப்படி கிடைப்பதில்லை, சுற்றுவழியில் இறக்கி ஓட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் காசு வாங்கிச் செய்யும் வேலையை அப்படிப்பட்ட ஒன்றில் தொங்கவிடாதீர்கள்.

கிராக் பதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பாதிக் கணினிகளில் ஓடுவது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நீதி போதனை வேண்டாம், நடைமுறையாகவே பார்ப்போம்: கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரில் ஸ்டாப் என்ற வகை பெரிதும் பரவியதே கிராக் மூலமாகத்தான். பூட்டப்படுவது உங்கள் சாஃப்ட்வேர் இல்லை, யாரோ ஒருவருடைய கல்யாணம். நல்ல இலவசங்கள் இத்தனை இருக்கும்போது அது எதற்கு?

தமிழ் எழுத்து சரியாக வருகிறதா

ஆங்கில விமர்சனங்களில் இந்தச் சோதனை இருக்கவே இருக்காது, நமக்கோ முதல் சோதனையே இதுதான். டைட்டில் பெட்டியைத் திறந்து இப்படி ஒரு வரி தட்டுங்கள்: ‘ஸ்ரீ கொளஞ்சியப்பர் துணை, சௌந்தர்யா, கோகுல், நூறு ஜூஸ்’. கணினி ‘கொ’ என்பதை முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமித்து வைக்கிறது. கொம்பை இழுத்து ககரத்துக்கு முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு வரைவது டெக்ஸ்ட் எஞ்சினின் பொறுப்பு. அந்த அறிவு இல்லாத எஞ்சின் வந்த வரிசையிலேயே ஒட்டும்: கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும், ‘து’ என்பதில் தகரம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடக்கும், ‘ணை’யில் சங்கிலி பின்னால் போய்விடும். ‘நூ’, ‘ஜூ’ இரண்டும் சரியாக வந்தால் எழுத்துருவும் ஒழுங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரீமியரில் உடைந்து வந்தால் பிரிஃபரன்சஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள், மாற்றிவிட்டு டைட்டிலைப் புதிதாகத் தட்டுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு டைப் என்ற பகுதியில் இருக்கும். இது தெரியாமலேயே ‘அடோபியில் தமிழ் வராது’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னமும் உண்டு. கேடென்லைவ், ஷாட்கட் டைட்டில்களில் தமிழ் ஒழுங்காகவே அமையும். ரிசால்வில் சாதாரண டெக்ஸ்ட், டெக்ஸ்ட் ப்ளஸ் என்று இரண்டு இருக்கின்றன, உங்கள் பதிப்பில் இரண்டிலும் அந்த வரியைத் தட்டிப் பார்த்து எது ஒழுங்காக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எதிலுமே சரிவரவில்லை என்றாலும் இடிந்துபோக வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலைக் கருவியில் 1920-க்கு 1080 அளவில் டைட்டிலை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக எடுத்து டைம்லைனின் மேல் ட்ராக்கில் போட்டால் எந்தச் சாஃப்ட்வேரும் அதை உடைக்க முடியாது.

ஸ்டுடியோக்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் இருப்பதும் இதனால்தான். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், தமிழ் வடிவத்தை மேலே போர்த்தியிருக்கிறார்கள், ஆகவே எந்த எஞ்சினிலும் உடையாது. டைட்டிலோடு நின்றால் ஓடிவிடும். அதையே சப்டைட்டிலுக்கோ யூடியூப் விவரணைக்கோ எடுத்து ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் யூனிகோடிலேயே பழகுங்கள். மீரா இனிமை, முக்தா மலர், பலூ தம்பி, கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, காசு வாங்கும் வேலையிலும் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் டைட்டில் அனிமேஷனை மட்டும் தமிழுக்குப் போடும் முன் ஓட்டிப் பாருங்கள். பல சாஃப்ட்வேர்கள் உயிர்க்குறியைத் தனி எழுத்தாக எண்ணி, முதலில் ‘க’ வந்து பிறகு அது ‘கொ’வாக மாறுவது போலக் காட்டும், பார்க்கவே கூசும். சொல் சொல்லாக வரும்படி அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பணம் கட்டும் முன் ஒரு முழு வேலை

பட்டியல் இரண்டு பெயருக்குக் குறைந்த பிறகு, உங்கள் சொந்த கிளிப்புகளை வைத்து ஐந்து நிமிட வீடியோ ஒன்றைத் தொடக்கம் முதல் எக்ஸ்போர்ட் வரை இரண்டிலும் செய்யுங்கள். அவர்கள் தரும் மாதிரி கிளிப்புகள் வேண்டாம், அவை எதிலும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு கேமரா ஒலியை ஒப்பிட்டுச் சேர்ப்பது, தமிழ் டைட்டில், பின்னணி இசையைப் பேச்சின் கீழ் இறக்குவது, ஒரு எஸ்ஆர்டி சப்டைட்டில், எல்லாம் அதில் இருக்கட்டும். எக்ஸ்போர்ட்டையும் அன்றைக்கே செய்துவிடுங்கள், இலவசம் என்று சொல்லிக்கொள்ளும் சில சாஃப்ட்வேர்களின் சுயரூபம் அந்தக் கடைசிப் பொத்தானில்தான் தெரியும்.

எடுத்த வீடியோவை அது ஓடப்போகும் இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். யூடியூப் என்றால் அன்லிஸ்டடாக ஏற்றி போனில் பாருங்கள். வாட்ஸ்அப் என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். கல்யாண வீட்டுக்குப் பென்டிரைவில் கொடுப்பதென்றால் இன்னொரு பொறி இருக்கிறது: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் பழைய டிவிகள் சில அதைக் கண்டுகொள்ளாது. ஹெச்.265-ல் கொடுத்தால் படம் வராமல் குரல் மட்டும் கேட்கும் டிவிகளும் உண்டு. எனவே 8-பிட் ஹெச்.264, எம்பி4, முகூர்த்தம் ஒரு கோப்பு, வரவேற்பு ஒரு கோப்பு என்று 4 ஜிபிக்குள் பிரித்துக் கொடுங்கள். நீங்கள் எடுக்கும் சாஃப்ட்வேரில் இந்த அமைப்பை ஒரு பிரீசெட்டாகச் சேமித்து வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், இருபதாவது கல்யாணத்தில் அதன் அருமை தெரியும்.

தேர்ந்த பிறகு ஒரு புராஜெக்ட் நடந்துகொண்டிருக்கும்போது புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று அறிவிப்பு வரும், அப்போது அப்டேட்டை அழுத்தாதீர்கள். புதியதில் திறந்த புராஜெக்டைப் பழையதில் மறுபடி திறக்க முடியாமல் போகலாம், ரிசால்வில் நிச்சயம் அப்படித்தான். கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுத்து, புராஜெக்ட் கோப்பை வெளியே எடுத்துக் காப்பு டிஸ்க்கில் போட்டுவிட்டு, முகூர்த்தம் இல்லாத ஒரு மாதத்தில் அப்டேட் செய்துகொள்ளலாம்.